காப்பு அவுத்தாச்சுங்களா?

1

ரோசா நேற்றுச் சாயங்காலம் வந்தாள். கையிலிருந்த மஞ்சள் பட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். "கட்டாயமில்லை பெரி. வேண்டாமென்றால் குப்பையில் போட்டுவிடு" என்றாள். பெரியசாமி என்ற என் பெயரில் அவள் வாய்க்கு வருவது அந்த இரண்டெழுத்துதான். வழக்கமாக ஒரு காபி குடித்து, தன் மருமகள்களை ஒரு சுற்றுத் திட்டிவிட்டுப் போகிறவள், நேற்று உட்காரக்கூட இல்லை.

பட்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காகிதமும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு நாடா. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நோயாளி கையில் மாட்டுவார்களே, அந்த மாதிரி. ஒருமுறை ஒட்டிவிட்டால் கத்தரி போட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் தெருத் திருவிழாவில் வேலை செய்கிறவர்களுக்கு இதைக் கட்டுவார்கள். கையில் இது இருந்தால் கயிறு கட்டிய இடத்துக்குள் விடுவார்கள், சாப்பாடும் கலர் சோடாவும் இலவசம். இதன் மகிமை அவ்வளவுதான்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு பட்டை என் மணிக்கட்டில் இருந்தபோது, கொல்லிமலையில் என் அக்கா வெள்ளையம்மாள் இறந்துபோனாள். எனக்குச் சொல்லவில்லை. எடுத்து, மண் போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். கூடப் பிறந்தவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை போனில்கூட நான் பார்க்கவில்லை. சொல்லாததற்குக் காரணம் இந்தப் பட்டைதான். இதை இங்கே இருக்கிற ஒருவருக்கும் என்னால் விளங்கவைக்க முடியவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்கும் என்று எழுதுகிறேன்.

2

நான் கொல்லிமலையில் தேவனூர் நாட்டுக்காரன்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. மிளகும் மரவள்ளியும் போட்ட குடும்பம். என் மனைவி சுமதி மலைக்குக் கீழே புளியஞ்சோலைப் பக்கத்துப் பெண், நர்ஸ் படித்தவள். அவளுக்குச் சிகாகோவில் வேலை கிடைத்தது, நான் பின்னாலேயே வந்தேன். "பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டே அமெரிக்கா போயிட்டான்" என்று மலைமேல் செம்மேட்டு டீக்கடையில் என்னைப் பற்றிப் பேசினார்களாம். உண்மையைத்தானே பேசியிருக்கிறார்கள், அதில் கோபப்பட என்ன இருக்கிறது.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. பாய்லர், குழாய், குளிர்காலத்தில் பனி தள்ளுவது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அதனால் எனக்கு இங்கிலீஷ் சரியாக வருவதற்கு முன்னாலேயே ஸ்பானிஷ் வந்துவிட்டது. அந்தப் பாஷையிலும் நீ, நீங்க என்று இரண்டு உண்டு. எனக்குப் பிறவியிலிருந்தே 'ங்க' போடாமல் வாய் திறக்காது. பள்ளிக்கூடத்துச் சின்னக் குழந்தைகளையும் 'நீங்க' போட்டே பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதல் வகுப்புப் பையனிடம் "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா நான் கூட்டிக்குவேனுங்க" என்பதற்கு இணையாக என்னவோ சொல்லிவிட்டேன். பையன் பயந்துபோய் டீச்சரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

நாங்கள் குடியிருக்கிற தெரு முழுக்க லத்தீன் நாட்டு ஜனங்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, போர்ட்டோ ரிக்கோ. எதிர் வீட்டு ரோசா நிகராகுவாக்காரி. வந்த புதிதில் மூலைக் கடையில் மரவள்ளிக் கிழங்கைப் பார்த்தேன். கெடாமல் இருப்பதற்காக மேலே மெழுகு பூசி, பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் மலையிலிருந்து மண்ணோடு லாரியில் ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற சாமான், இங்கே குளித்து முழுகி மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கோடை முடிகிற சமயத்தில், ஒரு சனி ஞாயிறு, தெருவை இரண்டு பக்கமும் அடைத்துவிடுவார்கள். லத்தீன் கலைத் திருவிழா என்று குறுக்கே துணி கட்டுவார்கள். சுவரில் ஏணி போட்டுச் சித்திரம் எழுதுவார்கள். குழந்தைகள் தார் ரோட்டில் சாக்பீஸால் கிறுக்கும். கித்தார், மேளம், முகமூடி, சுழன்றால் குடையாக விரிகிற பாவாடைகள். வயதானவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கவிதை படிப்பார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள், அவர்களும் விடமாட்டார்கள். பல வருஷம் நான் இதையெல்லாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்ததோடு சரி.

என் மகள் இனியா அப்படியில்லை. ரோசாவின் பேத்திகளோடு வளர்ந்தவள். அவர்களோடு ஆடுவாள், அவர்கள் பாஷையில் சண்டை போடுவாள். ரோசாவின் அம்மாவுக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று அவளுக்குத் தெரியும். சொந்த அத்தையைத் தெரிந்ததெல்லாம் போனில்தான். "சாப்டயா கண்ணு?" என்று அக்கா கேட்பாள். "சாப்ட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டுவாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சு வார்த்தை அவ்வளவுதான். குறை என் பேரில். விடுமுறைக்கு அழைத்துப்போய் மலையில் ஒரு மாதம் விட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்ந்திருக்கும்.

3

அக்காவுக்குப் போன வருஷம் சித்திரையிலிருந்தே உடம்பு சரியில்லை. நுரையீரலில் கோளாறு. சேலத்துக்கு இறக்கிப்போய் வைத்தியம் பார்த்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னபிறகு, தம்பி தங்கராசு தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். மாமா எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். என்னுடைய காகிதம் அந்தச் சமயம் பார்த்து ஆபீசில் மாட்டிக்கொண்டது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க விரல் ரேகை கேட்டார்கள். வருஷக்கணக்காக மருந்துத் தண்ணீரில் தரை கழுவிய விரல், மெஷினில் ரேகை விழவில்லை. மறுபடி வா என்றார்கள். மறுபடியும் விழவில்லை. அந்த அதிகாரி அம்மாள் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கையில் க்ரீம் தடவிக்கொண்டு வரச் சொன்னாள். இதெல்லாம் முடியாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அட்டை வந்த மறுநாள் கிளம்புவது என்று முடிவு. அதுவரைக்கும் போன்.

போன் என்றாலும் அது லேசில்லை. தங்கராசு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. வாசலுக்கு மேற்கே பலாமரத்தடியில்தான் முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்குக் கிடைக்கும். அக்கா படுத்த பிறகு, நான் கூப்பிடும்போதெல்லாம் தங்கராசுவும் அவன் சம்சாரமும் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் போடுவார்கள். பேசி முடித்ததும் மறுபடி உள்ளே தூக்கிப்போவார்கள். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ரோசா வந்தாள். அவர்கள் நாட்டில் ஒரு பெரிய பெண் பொம்மை உண்டு. மாடி உயரம் இருக்கும். மரச்சட்டத்தில் பூப்போட்ட பாவாடை, கழுத்து நிறைய மணி, காதில் ஜிமிக்கி, காகிதக் கூழில் செய்த வெள்ளை முகம். பாவாடைக்குள் ஒரு ஆள் புகுந்து, சட்டத்தைத் தோளில் தாங்கி, மேளத்துக்குத் தகுந்தபடி சுழன்று ஆட வேண்டும். வழக்கமாகத் தூக்குகிறவருக்கு மூட்டு வலி. "உன் தோளைப் பார்த்தேன் பெரி, நீ மலைக்காரன், உன்னால் முடியும்" என்றாள். மலையில் கிழங்கு மூட்டையும் பலாப்பழமும் சுமந்த தோளுக்கு இங்கே பனி தள்ளுவதைத் தவிர வேறு வேலை தந்தவர் யாருமில்லை. உடனே சரி என்றேன்.

"இது என்ன சாமி?" என்று கேட்டேன். ரோசா விழுந்து விழுந்து சிரித்தாள். சாமியே இல்லையாம். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட வெள்ளைக்காரத் துரையின் பெண்டாட்டியாம். மினுக்கிக்கொண்டு திரிந்தவளைக் கேலி செய்வதற்காக ஜனங்கள் பொம்மை செய்து தெருவில் ஆடவிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேலி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வியாழக்கிழமை ரோசா வீட்டில் எல்லாருக்கும் பட்டை கட்டினார்கள். என் கையில் ரோசாவே கட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது. பலாமரத்தடியில் கட்டில். முகம் வற்றிப்போய் இருந்தாலும் கண் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. அந்தக் கண்ணில்தான் என் கை பட்டது.

"அதென்ன சாமி கையில? காப்பா?"

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர். நோம்பி சாட்டினால் சாமி தூக்குகிறவனுக்கு மஞ்சள் துணியில் காப்புக் கட்டுவார்கள். பார்த்தால் பட்டையும் அதே மஞ்சள்தான். எனக்குக் குறும்பு வந்துவிட்டது. அக்காவும் நானும் ஒருவரையொருவர் ஏமாற்றிச் சிரித்தே வளர்ந்தவர்கள்.

"ஆமாங்க்கா. எங்க தெருவுல நோம்பி. நாந்தான் தூக்கறேன்" என்றேன்.

"நீயா! அந்த ஊர்லயுமா நோம்பி? என்ன சாமிடா?"

"பெரிய அம்மாங்க்கா. மாடி ஒசரம்."

அவள் சிரிப்பாள், போடா பொய்யா என்பாள் என்று காத்திருந்தேன். அவளோ தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்தாள். "கவுச்சி கிவுச்சி தின்னுராத கண்ணு. சுத்தமா இரு. நம்மூருல ஒரு தடவ தூக்கோணும்னு எத்தன ஆசப்பட்ட நீயி. எங்கயோ கண்காணாத ஊர்ல அது உனக்குக் கெடச்சிருக்குது பாரு" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் அக்கா, இது சோறு திங்கிறதுக்குக் கட்டுற பட்டை என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. திருவிழா முடிந்ததும் சாவகாசமாகச் சொல்லி இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"நோம்பி முடிச்சுட்டு நெதானமாப் பேசு. நான் எங்க போயிரப் போறேன், கட்டலு கெடக்குது, நான் கெடக்கறேன்" என்றாள். தங்கராசு போனை வாங்கும்போது காமிரா புரண்டு, பலா இலையும் வானமும் தெரிந்தது. அன்று சாப்பாடு ரோசா வீட்டில், பன்றிக்கறி.

4

சனிக்கிழமை நான் ஆடினேன். உள்ளே இருட்டு, வேர்வை, தோளில் மரச்சட்டம். வயிற்றுக்கு நேரே சின்ன வலை ஜன்னல், அதன் வழியாகத் தெரு தெரியும். மேளம் ஏற ஏறச் சுழன்றேன். வெளியே ஜனங்கள் கத்தினார்கள். "பெரி! பெரி!" என்று ரோசாவின் பேரன்கள் பாவாடையைத் தட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பாவாடைக்குள் நுழைவதையும் பொம்மை எழுந்து ஆடுவதையும் இனியா படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினாள். அவளாக நினைத்து அத்தைக்கு ஒன்றை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வெளியே வந்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். ரோசா ஒரு தட்டு கொடுத்தாள். வேகவைத்த மரவள்ளி, அதன்மேல் முட்டைக்கோஸ், அதன்மேல் பொரித்த பன்றித்தோல். வாயில் வைக்கும்போது போன். தங்கராசு. அங்கே ஞாயிறு விடிந்துகொண்டிருக்கும்.

"ஏனுங்ணா, நோம்பி எப்படிங்?"

"அமர்க்களம்டா. மேளம் கேக்குதா பாரு" என்று போனைத் தெருப்பக்கம் தூக்கிப் பிடித்தேன்.

"கேக்குதுங்ணா." பிறகு கேட்டான்: "காப்பு அவுத்தாச்சுங்களா?"

அக்கா அவனிடமும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சிரிப்பு. "நாளைக்கு ஒரு நாள் இருக்குதுடா. நடுவுல அவுத்தா அம்மா சும்மா உடுவாளா?" என்றேன்.

"அதுவுஞ் செரித்தானுங். அவுத்துப்போட்டு ஒரு வார்த்தை கூப்புடுங்ணா."

"அக்கா எப்படி இருக்குது?"

"நீங்க சாமி தூக்கற வீடியோவப் பாத்துச்சுங்ணா. ரண்டு கையயும் எடுத்துக் கும்புட்டுச்சு" என்றான்.

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பின்னால் யாரோ என் தோளைத் தட்டி, அடுத்த ஆட்டத்துக்கு மேளம் தயார் என்றார்கள். தட்டை வைத்துவிட்டுப் போனேன். அவன் குரல் ஏன் அப்படிக் கட்டிப்போய் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவனால் அடக்கியிருக்க முடியாது, சொல்லியிருப்பான். கட்டிலை மரத்தடிக்குத் தூக்கியிருப்பார்கள். பார்த்திருப்பேன்.

5

திங்கட்கிழமை காலையில் பாய்லர் அறையில், ஒயர் வெட்டுகிற கத்தரியால் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத் தங்கராசுவைக் கூப்பிட்டேன்.

"அவுத்தாச்சுடா, அவுத்தாச்சு. சொல்லு" என்றேன் சிரித்துக்கொண்டே.

"நல்லா அவுத்துட்டீங்களாங்ணா? தண்ணில உட்டுட்டீங்களா?"

"எல்லாம் ஆச்சு. என்னடா?"

"அக்கா போயிருச்சுங்ணா."

அதற்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. "பெரியவனப் பாக்கோணும்" என்று கேட்டிருக்கிறாள். கட்டிலைத் தூக்கி மரத்தடியில் போட்டு, தங்கராசு போனை எடுத்திருக்கிறான். அதற்குள் அவளே கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"வேண்டாஞ் சாமி, அவன் காப்புக் கட்டியிருக்கறான். என்னய இப்புடிப் பாத்தா தோள்ல அம்மா நிக்க மாட்டா. எனக்கு ஒண்ணு ஆனாலும் அவுத்த பொறவு சொல்லு."

போனில் பேசுவதற்குப் பதிலாக அந்த வீடியோவைப் போடச் சொல்லியிருக்கிறாள். திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறாள். விடிகிற நேரத்தில் போய்விட்டாள். மனசு கேட்காமல்தான் தங்கராசு எனக்குப் போன் போட்டிருக்கிறான். அவிழ்த்துவிட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அப்போதே காட்டியிருப்பான். நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது என்று சொன்னவன் நான்.

பாய்லர் அறையில் சத்தம் போட்டு அழுதேன். சத்தம் கேட்டு ஓடிவந்த மெக்சிகோக்கார நண்பர், இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டதென்று நினைத்து, முதலில் என் கையைத்தான் பிடித்துப் பார்த்தார்.

6

தங்கராசு மேல் ஒரு தப்பும் இல்லை. காப்புக் கட்டினவன் காதில் இழவு விழக்கூடாது என்பது நானே பார்த்து வளர்ந்தது. எங்கள் ஊரில் கரகம் எடுத்த ஒருவருக்கு மாமியார் இறந்ததை நோம்பி முடிகிறவரை ஊரே சேர்ந்து மறைத்தது. அவருக்கு எதிரில் எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு தெரிந்தபோது அவர் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை.

சுமதியிடம் சொன்னபோது, "அவங்க மேல என்னங்க இருக்குது? காப்புன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்து அழுதாள். இனியாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அது ரிஸ்ட்பேண்டுதானே அப்பா? அத்தை எப்படி அதை நம்பினாங்க?" என்று கேட்டாள். பிறகு மெதுவாக, "நான் வீடியோ அனுப்பினது தப்பா?" என்றாள். "இல்ல கண்ணு, அதத்தான் கடைசியாப் பாத்துக்கிட்டே இருந்தாங்க" என்றேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

ரோசாவுக்கு எடுத்துச் சொல்ல என் ஸ்பானிஷ் போதவில்லை. இனியா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். கேட்டு முடித்ததும் ரோசா வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தானே கட்டினேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசும்போது சத்தம் குறைந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து அட்டை வந்தது. தை மாதம் ஊருக்குப் போனேன். பஸ் செம்மேட்டில் நின்றதும், எனக்கு முகம்கூட ஞாபகமில்லாத ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "அமெரிக்காவுல அம்மா தூக்கறவருங்களா?" என்று கேட்டார். அதற்குள் நாடு முழுக்கப் பரவியிருந்தது. அக்காவைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது. கொண்டுபோன சேலையை அதன்மேல் போர்த்தினேன். பிறந்த வீட்டுக் கோடி, உடம்பின்மேல் போர்த்த வேண்டியது. காற்றடித்துச் சேலை தூக்கிக்கொண்டே இருந்தது. நாலு பக்கமும் கல் வைத்தேன்.

தங்கராசு வீட்டுச் சுவரில் அக்கா படம் மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம். வீடியோவிலிருந்து எடுத்து, செம்மேட்டு ஸ்டூடியோவில் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டது. பூப்பாவாடை, ஜிமிக்கி, வெள்ளை முகம். அந்தத் துரைசானியின் நெற்றியில் தங்கராசுவின் சம்சாரம் குங்குமம் வைத்திருந்தாள். கீழே விளக்கு எரிந்தது. காலடியில், பாவாடையைத் தூக்கிக்கொண்டு, நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன்.

"அக்கா கும்புட்ட சாமிங்ணா, அதான் மாட்டிப்போட்டேன்" என்றான்.

அன்று சொல்லிவிடுவது என்றுதான் மலை ஏறினேன். வாயையும் திறந்தேன். அதற்குள் அக்காவை எடுத்த அன்று நடந்ததை அவன் சொல்ல ஆரம்பித்தான். பங்காளிகள் எல்லாரும் கூடி, பெரியவனுக்குச் சொல்லியாச்சா, சொல்லாமல் எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். "அண்ணன் காப்புல இருக்கறாருங்க" என்று இவன் சொல்லியிருக்கிறான். உடனே எல்லாரும் பாடை கட்ட எழுந்துவிட்டார்களாம். என் பங்குக் கோடியையும் சேர்த்து இவனே போட்டிருக்கிறான்.

அது சோறு திங்கிற பட்டை, அது துரை பெண்டாட்டி பொம்மை என்று நான் சொன்னால், அண்ணனுக்குச் சொல்லாமலே அக்காவை எடுத்தவன் என்ற பேர் தங்கராசுக்கு வரும். அவனே தன்னை மன்னிக்கவும் மாட்டான். அக்கா என்னைப் பார்க்க ஆசைப்பட்டு, அந்த ஆசையை அவளே கையால் பிடித்து நிறுத்தினாளே, அதுவும் ஒன்றுமில்லாத ஒன்றுக்காக என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னான், ஊற்றினேன்.

7

போன வாரம் தங்கராசு கேட்டான், "இந்த வருசம் காப்பு எப்பங்ணா?" என்று. வியாழக்கிழமை என்றேன். தூக்காமல் இருக்க முடியாது. ஏன் தூக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வேன்? விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை, இனி தோள் தாங்குகிற வரைக்கும் வருஷா வருஷம் சுமக்க வேண்டும். ஒரு வாரமாகக் கவுச்சி தொடவில்லை. முந்தாநாள் ரோசா கொண்டுவந்த கறியையும் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தேன், அவள் காரணம் கேட்கவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. மேசைமேல் இருந்த பட்டையை எடுத்துக்கொண்டு ரோசா வீட்டுக்குப் போனேன். "நீயே கட்டு" என்று கையை நீட்டினேன். ஒட்டுகிற இடம் கோணலாகப் போய்விட்டது. இந்த வருஷம் இனியாவும் ஆடுகிறாள். அவளும் கையை நீட்டினாள்.

திரும்பி வரும்போது படியில் நிறுத்தி அவளிடம் சொன்னேன்: "கண்ணு, நான் பொம்மைக்குள்ள இருக்கறப்ப ஊர்ல இருந்து போன் வந்தா, எடுத்துப் பேசு. காப்பு அவுத்தாச்சான்னு கேட்டா, அவுத்தாச்சுன்னு சொல்லு."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள், என்னுடையதைப் பார்த்தாள். "கட்டியிருக்கும்போதா? அது பொய் இல்லையாப்பா?"

"பொய்தான் கண்ணு. சொல்லிரு."